பரீனாவுக்கு நான் எழுதிய சிபாரிசு

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. முதுமாணிப் பட்டம் இல்லாதவர்களுக்கு இனிமேல் பதவி உயர்வு கிடையாது என்று திணைக்களத்தில் சுற்றறிக்கை வந்திருக்கிறதாம். அது வந்த நாளிலிருந்து பழைய ஆய்வுகூடத்துப் பிள்ளைகள் எனக்குத் தொலைபேசி எடுக்கிறார்கள். பெரும்பாலும் கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்கள். சுகம் விசாரித்து முடிந்ததும் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்.

"மிஸ், பரீனா மிஸ் வேலையையும் செய்துகொண்டு, பிள்ளையையும் வைச்சிக்கொண்டு எப்பிடிப் படிச்சவ? நீங்க பக்கத்தில இருந்து பாத்தனீங்கதானே?"

பார்த்தேன்தான். தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வுகூடத்தில் முப்பத்துமூன்று வருடம் வேலை செய்தேன். அதில் கடைசிப் பதினெட்டு வருடம் பரீனாவும் அங்கே இருந்தாள். எனக்கும் ஒரு பிள்ளை இருந்தது. எனக்கும் படிக்கும் ஆசை இருந்தது. அதைப் பற்றி ஒருத்தியும் கேட்பதில்லை. பரீனா எப்படிப் படித்தாள் என்று சொல்வதானால், அவள் ஒரு வருடம் படிக்க முடியாமல் போனது எப்படி என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அது என் கையால் நடந்தது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பட்டம் முடித்து, கொழும்பில் ஒன்பது மாதம் போத்தல் கழுவி, கழுவிய போத்தலையே திரும்பக் கழுவி, மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தேன். வேலை பழகியது அருளானந்தம் சேரிடம்தான். அவர்தான் எங்கள் பொறுப்பதிகாரி. மெலிந்த உருவம், முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை, காதோரத்தில் எப்போதும் ஒரு பென்சில். யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. நாங்கள் எழுதிக் கொடுக்கும் அறிக்கையை வாங்கி ஒவ்வொரு வரியாக வாசிப்பார். பிழையான இடத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். அவ்வளவுதான். அறிக்கை மேசைக்குத் திரும்பி வரும். என்ன பிழை என்று நாம்தான் தேட வேண்டும். ஒரு தசமப் புள்ளி இடம் மாறியதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒருமுறை இரண்டு நாள் எடுத்தது. கண்டுபிடித்துத் திருத்திக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "ம்" என்றார். அந்த "ம்"முக்காக நான் எத்தனையோ வருடம் வேலை செய்திருக்கிறேன்.

எனக்குக் கலியாணமும் பிந்தித்தான் நடந்தது, பிள்ளையும் பிந்தித்தான் பிறந்தது. மகள் தர்ஷினி பிறக்கும்போது எனக்கு முப்பத்தாறு வயது. அதற்கு முன்பே முதுமாணிப் படிப்புக்கான விண்ணப்பப் படிவத்தை எடுத்து மேசை லாச்சியில் வைத்திருந்தேன். மலைநாட்டுப் பல்கலைக்கழகத்தில் சனி, ஞாயிறு வகுப்பு. வெள்ளி மத்தியானம் பஸ் ஏறினால் திங்கள் காலை திரும்பிவிடலாம். பிள்ளை நடக்கட்டும் என்று ஒரு வருடம் தள்ளினேன். பள்ளிக்கூடம் சேரட்டும் என்று இன்னொரு வருடம். பிறகு புலமைப்பரிசில் பரீட்சை முடியட்டும் என்றேன். படிவம் பழசாகிப்போனால் புதிதாக எடுப்பேன், பெயரை எழுதுவேன், உள்ளே வைப்பேன்.

பரீனா காத்தான்குடிப் பிள்ளை. எங்களிடம் வந்து சேரும்போது அவளுக்கு இருபத்தாறு வயதுதான். புருசன் கட்டாரில் வேலை. உம்மாவோடு இருந்தாள். வந்த முதல் கிழமையிலேயே எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. காரணம் சின்னதுதான். அவள் முதன்முதலில் எழுதிய அறிக்கையை சேர் வாசித்தார், திருப்பினார், இன்னொருமுறை வாசித்தார், ஒரு புள்ளியும் வைக்காமல் அறிக்கைக் கோவையில் போட்டார். "ம்" என்றார். எனக்கு ஆறு வருடம் எடுத்த "ம்" அது.

நான்கு வருடம் கழித்து அவளுக்கு மகள் பிறந்தாள். ஸைனப் என்று பெயர். பிரசவ லீவு முடிந்து வந்தவள் ஏழு மாதக் குழந்தையை உம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்கு வருவாள். நெஞ்சுப் பக்கம் சட்டை நனைந்துவிடுமென்று சால்வையை இழுத்துப் போட்டுக்கொண்டே கரைசல் கலக்குவாள். ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது மிகச் சாதாரணமாகச் சொன்னாள்.

"அக்கா, நான் அந்தப் படிப்புக்குப் போடப்போறன்."

"எந்தப் படிப்புக்கு?"

"சனி ஞாயிறு வகுப்புத்தான். உம்மா சொன்னா, இப்பவே போ, பிள்ளைய நான் பாத்துக்கிறன் எண்டு. பிந்தினா ஏலாமப் போயிரும்."

நான் சிரித்தேன். "கைப்பிள்ளையோடயா? உனக்கென்ன விசரா?" என்று கேட்டேன். என் லாச்சிக்குள் இருந்த படிவத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. அன்றைக்குப் பின்னேரம் நாவற்குடாவில் இருக்கும் வீட்டுக்கு பஸ்ஸில் திரும்பும்போது நெஞ்சுக்குள் நெருப்புப் பிடித்தமாதிரி இருந்தது. நான் பத்து வருடமாகப் பிள்ளையைக் காரணம் காட்டிக்கொண்டிருக்கிறேன். இவள் பால் கட்டிய நெஞ்சோடு வந்து, போகப்போகிறேன் என்கிறாள். அவள் போய்ப் படித்து முடித்துவிட்டால் என் காரணம் என்னாவது?

அந்தச் சமயம் பார்த்து அருளானந்தம் சேருக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை. மூன்று கிழமை லீவில் போனார். அவர் இடத்தில் பதில் கடமைக்கு நான். பரீனாவின் விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. அதில் பொறுப்பதிகாரி நிரப்புவதற்கென்று ஒரு பகுதி உண்டு. விண்ணப்பதாரர் கற்கைக்குச் செல்வதால் கடமைகள் பாதிக்கப்படுமா, சிபாரிசு செய்கிறீர்களா என்று கேட்டிருந்தது.

நான் எழுதியதை இன்றைக்கும் எழுத்துப் பிசகாமல் சொல்வேன். "விண்ணப்பதாரருக்கு ஏழு மாதக் குழந்தை உள்ளது. இம்மாதத்தில் மாத்திரம் நான்கு நாள் விடுமுறை பெற்றுள்ளார். கற்கையும் சேருமிடத்து ஆய்வுகூடக் கடமைகள் பாதிக்கப்படும். அடுத்த வருடம் பரிசீலிப்பது பொருத்தமானது."

ஒரு சொல்லும் பொய்யில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்து அவள் நான்கு நாள் லீவு எடுத்தது உண்மை. ஆனால் என்னைப் பற்றி யாராவது இப்படி எழுதிவிடுவார்களோ என்று பயந்துதான் பத்து வருடம் நான் படிவத்தை வெளியே எடுக்காமல் இருந்தேன். அந்த வசனத்தை மனதுக்குள் எத்தனையோ தரம் கேட்டிருந்ததால் எழுதும்போது பேனை தடக்கவே இல்லை.

தலைமையகத்திலிருந்து பதில் வந்தது. அடுத்த வருடம் விண்ணப்பிக்கவும் என்று இரண்டு வரி. பரீனா வாசித்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். "பரவாயில்லையக்கா. ஒரு வருசம்தானே" என்றாள். நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் கூசுகிறது.

சேர் லீவு முடிந்து வந்து, தான் இல்லாத நாட்களின் கோவைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் காலையில் என் மேசையில் அந்த விண்ணப்பத்தின் பிரதி கிடந்தது. நான்கு நாள் விடுமுறை என்று நான் எழுதிய வசனத்துக்குப் பக்கத்தில் ஒரு பென்சில் புள்ளி. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் தன் மேசையில் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். திருத்திக் கொடுக்க அதில் என்ன இருக்கிறது? பிரதியைத் திரும்பக் கோவையில் வைத்தேன். அதைப் பற்றி அவர் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வருடம் பரீனாவின் சிபாரிசைத் தானே எழுதினார். அவர் அதைத் தள்ளிப்போடவுமில்லை, என்னிடம் காட்டவுமில்லை.

ஆனால் அந்த ஒரு வருடத்துக்குள் பரீனாவின் உம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. உம்மாவைப் பக்கத்து வீட்டு மாமி வந்து பார்த்துக்கொள்வா. வேலை நாளில் பகலில் பிள்ளையையும் பார்ப்பா, ஆனால் கிழமைக் கடைசியில் இரவு பகலாக இரண்டு பேரையும் பார்க்க அவவால் ஏலாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் பரீனா ஒரு தோளில் உடுப்புப் பையும் மறு தோளில் ஸைனப்புமாக பஸ் நிலையத்துக்குப் போவாள். கண்டிப் பக்கம் தெரிந்த குடும்பம் ஒன்றின் வீட்டில் தங்குவாள். வகுப்பு நடக்கும்போது அந்த வீட்டுப் பெண் பிள்ளையைப் பார்த்துக்கொள்வாளாம். திங்கள் காலை பஸ்ஸால் இறங்கி, பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு, பத்து மணிக்கு ஆய்வுகூடத்தில் நிற்பாள். கண்ணிரண்டும் சிவந்திருக்கும். ஆனாலும் புதிதாக எதையோ பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி முகம் இருக்கும். அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமலே நான் திங்கட்கிழமைகளில் வெளிவேலை போட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் பனிச்சங்கேணிப் பிரச்சினை வந்தது.

கடும் வெயில் காலம். பல நாளாகக் காற்றே இல்லை. கடலோடு சேரும் பனிச்சங்கேணிக் களப்பில் மீன் செத்து மிதக்கிறது என்று செய்தி வந்தது. நான் சாரதியோடு வாகனத்தில் போனேன். போய்ச் சேரும்போது காலை பத்து மணி. கரை நெடுகிலும் மணலை, செல்வன் மீன்கள் வயிறு வெளுத்துக் கிடந்தன. நாற்றம் தாங்க முடியவில்லை. தோணியில் ஏறி நான்கு இடத்தில் தண்ணீர் எடுத்தேன்.

தண்ணீரில் ஒட்சிசன் இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலையில் கை படிந்த ஒரு காரியம். கண்ணாடிப் போத்தலைக் குமிழி விழாமல் தண்ணீருக்குள்ளேயே நிரப்ப வேண்டும். அந்த இடத்திலேயே இரண்டு கரைசல்களை மெல்லிய கண்ணாடிக் குழாயியால் அடியில் விட்டு, மூடி, தலைகீழாகப் புரட்ட வேண்டும். ஒட்சிசன் இருந்தால் உள்ளே பழுப்பு நிறத்தில் பஞ்சு மாதிரி ஒன்று திரண்டு இறங்கும். இல்லாவிட்டால் வெள்ளையாக இறங்கும். மிச்சக் கணக்கை ஆய்வுகூடத்தில் செய்யலாம். ஆனால் பழுப்பா, வெள்ளையா என்பது தோணியிலேயே தெரிந்துவிடும். அன்றைக்கு நான்கு போத்தலும் நல்ல பழுப்பு. தண்ணீரில் ஒட்சிசன் போதிய அளவு உண்டு, மூச்சுத் திணறி மீன் செத்ததாகத் தெரியவில்லை என்று அறிக்கை எழுதினேன். சேர் புள்ளி வைக்கவில்லை.

அந்த அறிக்கை ஊருக்குப் போனது. மூச்சுத் திணறிச் சாகவில்லை என்றால் நஞ்சுதான் என்று ஊர் முடிவெடுத்தது. களப்போரத்தில் இராசையா என்பவர் சிறிதாக ஒரு இறால் பண்ணை வைத்திருந்தார். அவர்தான் மருந்து கலந்த தண்ணீரைக் களப்புக்குள் திறந்துவிட்டார் என்று கதை பரவியது. மீனவர்கள் திரண்டு போய்ப் பண்ணையின் மதகை உடைத்தார்கள். தடுக்கப் போன மனிதருக்குக் கை முறிந்தது. கட்டுப் போட்ட கையோடு அவர் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்து வாசல் பக்கத்து மர வாங்கில் இருந்தார்.

"தங்கச்சி, நீங்கதான் எழுதினீங்களாம், தண்ணியில குறையில்ல எண்டு" என்றார் என்னைப் பார்த்து. "நான் மருந்து ஒண்டும் விடல்ல. என்ட பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஏலாமக் கிடக்கு. திரும்ப ஒருக்கா வந்து பாக்க மாட்டீங்களா?"

நஞ்சுப் பரிசோதனைக்கு மாதிரி கொழும்புக்குப் போயிருக்கிறது, பதில் வரக் கிழமைகள் ஆகும் என்று சொன்னேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர் போன பிறகு பரீனா என் மேசைக்கு வந்தாள். என் அறிக்கை அவள் கையில் இருந்தது.

"அக்கா, குறையா நினைக்காதீங்க. எத்தின மணிக்குத் தண்ணி எடுத்த நீங்க?"

"பத்து, பத்தரை. ஏன்?"

"தண்ணி பச்சையா இருந்திச்சா?"

"ஓம். பாசி மாதிரி."

"அப்ப பகல்ல ஒட்சிசன் நல்லாத்தான் இரிக்கும். பாசிதானே குடுக்கிது. வெயில் போனா அதே பாசி இரிக்கிற எல்லாத்தையும் குடிச்சிரும். விடியப்பொறம்தான் ஒண்டுமே இல்லாமப் போற நேரம். போன கிழமைதான் வகுப்பில படிப்பிச்சாங்க."

எனக்குக் காது சூடானது. பாசி பகலில் ஒட்சிசன் கொடுக்கும் என்பதும் இரவில் எடுக்கும் என்பதும் நான் பட்டப்படிப்பில் படித்ததுதான். ஆனால் வாகனம் எட்டு மணிக்குத்தான் வரும். அது வரும் நேரத்துக்குப் போய், அந்த நேரத்துத் தண்ணீரை எடுத்து, இருபத்தொரு வருடமாக எண் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் சரியா என்று ஒருநாளும் கேட்கவில்லை. அவள் வகுப்புக்குப் போய்ச் சில மாதங்கள்தான்.

"சும்மா புத்தகத்தில இருக்கிறதெல்லாம் களப்பில நடக்காது" என்றேன்.

"நடக்குதா எண்டு பாப்பமே" என்றாள்.

சேர் வாகனத்தை ஒழுங்கு செய்து தந்தார். முதல்நாள் பின்னேரமே போய்ப் பனிச்சங்கேணியில் ஒரு ஆசிரியை வீட்டில் தங்கினோம். பரீனா ஸைனப்பையும் தூக்கிக்கொண்டுதான் வந்தாள். விடியப் போகும் நேரம் கரைக்குப் போனோம். தோணிக்காரர் காத்திருந்தார். எங்களுக்கு முன்னால் நாலைந்து மீனவர்களும் வந்து நின்றார்கள். இராசையா கொஞ்சம் தள்ளி நின்றார். பரீனா தோணியில் கால் வைத்ததும் பிள்ளை வீரிட்டு அழுதாள். யார் தூக்கியும் நிற்கவில்லை. பரீனா இறங்கிவிட்டாள்.

"நீங்க போங்கக்கா" என்றாள். "உங்கட கைதான் நடுங்காது. நான் புள்ளையோட கரையில நிக்கிறன்."

நான் போனேன். கண்ணாடி மாதிரிக் கிடந்தது தண்ணீர். போத்தலை அமிழ்த்தி நிரப்பி, கரைசல் இரண்டையும் விட்டு, மூடிப் புரட்டினேன். அது பழுப்பாக வர வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். இதை மறைத்துப் பயனில்லை. கரையில் கை முறிந்த மனிதர் நிற்கிறார் என்று தெரிந்தும், பரீனா சொன்னது பிழைத்துப் போக வேண்டும் என்று அந்த ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன்.

வெள்ளையாக இறங்கியது. பால் திரிந்தமாதிரி வெள்ளை. அடுத்த போத்தலும் அப்படி. நான்கும் அப்படி.

அதே இடங்களில் பத்து மணிக்கு மறுபடியும் எடுத்தோம். நான்கும் பழுப்பு. மீன்வாடிப் பலகையில் எட்டுப் போத்தலையும் வரிசையாக வைத்தேன். ஊர் கூடி நின்றது. "இது பத்து மணித் தண்ணி. நான் முதல் வந்து எடுத்ததும் இந்த மாதிரித்தான். இது விடியப்பறம் எடுத்தது. இதில மீன் மூச்சு விட ஏலாது" என்றேன். முகத்துவாரம் மண் மூடிக் கிடப்பதையும், காற்றில்லாமல் வெக்கை பிடித்துப் பாசி பெருகியதையும் பரீனா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே விளங்கப்படுத்தினாள். வயதான மீனவர் ஒருவர் வெள்ளைப் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"அப்ப நாங்க அவன்ட மதகை உடைச்சது?" என்று கேட்டார்.

இராசையா அவர்களைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "ஒள்ளுப்பம் முந்தி வந்திருக்கலாமே தங்கச்சி" என்றார். கொழும்பிலிருந்து முடிவு வந்தபோது அதிலும் நஞ்சு இல்லை. முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்கள். மதகை ஊரே சேர்ந்து கட்டிக் கொடுத்தது. அந்த மனிதரின் கை மட்டும் கோணலாகத்தான் பொருந்தியது.

அறிக்கையில் இரண்டு பெயர் போட்டோம். மூத்தவள் என்று என் பெயர் முதலில். "யார் கண்டுபிடிச்சது?" என்று சேர் கேட்டார். "ரெண்டு பேரும் சேர்ந்துதான் சேர்" என்றேன். பரீனா பக்கத்தில் நின்று தலையாட்டினாள்.

அதன் பிறகு அவள் அதையே ஆய்வாக எடுத்துச் செய்து முடித்தாள். அவள் உம்மா பட்டமளிப்புக்கு நான்கு மாதம் முன்பு மௌத்தாகிவிட்டா. சேர் ஓய்வு பெற்றார். சில வருடங்களில் பரீனா பொறுப்பதிகாரியானாள். எனக்கு மேலே.

நான் மட்டும் லாச்சிப் படிவத்தோடு இருந்தேன். மகளின் புலமைப்பரிசில் போய் சாதாரண தரப் பரீட்சை வந்தது, பிறகு உயர்தரம். ஒருநாள் விருந்தாளிகளுக்கு முன்னால், மகளுக்காகத்தான் நான் மேலே படிக்கவில்லை என்று வழக்கம்போலச் சொன்னேன். அவர்கள் போனதும் தர்ஷினி என் முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, எனக்காக எண்டு சொல்லாதீங்க. நான் எப்பயாவது போக வேணாம் எண்டு சொன்னனா? நீங்க படிக்காமப் போனத என்ட தலையில ஏன் கட்டுறீங்க?"

அன்றைக்கு அவளோடு சண்டை பிடித்தேன். மறுநாள் படிவத்தைக் கிழித்துப் போட்டேன்.

என் பிரியாவிடை நாள் வந்தது. மதியச் சாப்பாடு, பூங்கொத்து, பேச்சு எல்லாம் முடிந்தது. எல்லாரும் கலைந்த பிறகு பரீனாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். சொல்லாமல் போனால் நித்திரை வராது என்று எனக்குத் தெரியும்.

"பரீனா, உன்ட முதல் விண்ணப்பம் திரும்பி வந்ததே..."

"தெரியுமக்கா."

"என்ன தெரியும்?"

"நீங்க எழுதினது. ரெண்டாம் முற போடக்குள்ள பழைய பிரதி தேவப்பட்டிச்சி. கோவையில கிடந்திச்சி. வாசிச்சன்."

பன்னிரண்டு வருடத்துக்கு மேல். பனிச்சங்கேணிக் கரையில் பிள்ளையோடு நின்ற அன்றைக்கே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கதிரையை இழுத்து அதில் உட்கார்ந்தேன்.

"ஏன் ஒண்டும் கேக்கல்ல?"

"என்னத்தக் கேக்க? நீங்க எழுதினது பொய்யெண்டா சண்டைக்கு வந்திரிப்பன். எல்லாம் உண்மை. நாலு நாள் லீவு எடுத்தன்தானே." பிறகு சொன்னாள். "ஆனா அந்த வருசம் உம்மா நடந்து திரிஞ்சவக்கா. அடுத்த வருசம் பாயில. ஒரு வருசம் முந்திப் போயிருந்தா பட்டமளிப்பில நான் போட்ட அந்த உடுப்பையும் பாத்திரிப்பா. எனக்கு அது மட்டும்தான்."

"என்னை மன்னிச்சிக்கொள் பரீனா."

"கேக்காதீங்க" என்றாள் மெதுவாக. "இன்னும் ஏலல்ல. ஏலுமான நாள் வந்தா நானே உங்கட வீட்ட வாறன்."

கதவைத் திறந்து, என் பூங்கொத்தையும் பையையும் தானே எடுத்துக்கொண்டு வாகனம் வரை வந்தாள். சாரதியிடம் என்னை வீட்டு வாசலிலேயே இறக்கிவிடச் சொன்னாள்.

இரண்டு வருடமாயிற்று. அவள் இன்னும் வரவில்லை. வராமல் இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என்னை உறுத்துவது வேறு. என் கடைசி ஆறு வருடமும் எனக்கு வருடாந்த மதிப்பீடு எழுதியது பரீனாதான். பேனை அவள் கையில் இருந்தது, என்னைப் பற்றி எழுத உண்மையான குறைகளும் இருந்தன. ஒவ்வொரு வருடமும் நான் செய்ததை மட்டும் எழுதிக் கையெழுத்து வைத்தாள். அந்த ஆறு தாளின் பிரதியும் என்னிடம் இருக்கிறது. அவளுடைய பட்டத்தைப் பார்த்து, பதவியைப் பார்த்து, அருளானந்தம் சேரின் "ம்"மைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் நான். அதெல்லாம் வயதோடு ஆறிவிட்டது. இந்த ஆறு தாளையும் எடுத்து வாசிக்கும்போது வருகிற பொறாமை மட்டும் இன்னும் ஆறவில்லை.